சந்திராஷ்டமத்தில் ஒரு மின்சாரக் கார்

உதியன்குளங்கரை சந்திப்பில், பேக்கரிக்கு மேல் மாடியில், பல் டாக்டருக்கும் தையல் வகுப்புக்கும் நடுவே இருந்தது 'லேகா துப்பறியும் நிலையம்'. அதன் கதவைத் திறக்கிறவர்கள் பெரும்பாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். பலகையை இரண்டாம் முறை படித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, பக்கத்துக் கதவைத் தட்டுவார்கள். உதவியாளன் அஜேஷுக்கு அந்த வழிகாட்டும் வேலைதான் அன்றாடச் சோலி.

துப்பறியும் தொழில் என்றால் பனி மூடிய தெரு, நீளக் கோட்டு, தூரத்தில் ஒரு கப்பலின் ஊதல் என்று அவன் ஒரு காலத்தில் கனவு கண்டதுண்டு. இங்கே மூட்டம் என்று சொல்ல இருந்தது கீழே பழம்பொரி பொரிக்கும் எண்ணெய்ப் புகை மட்டும். ஊதலுக்குக் குறைவில்லை. களியக்காவிளைக்குப் போகும் பேருந்துகள் அதைப் பார்த்துக்கொண்டன.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கதவு திறந்தது. அஜேஷ் தலையைத் தூக்கவில்லை.

"பல் டாக்டரு அடுத்த கதவு."

"எனக்குப் பல்லு வேதனை ஒண்ணும் இல்ல. ஆனா ஒருத்தனைக் கடிக்கணும்."

அஜேஷ் தலையைத் தூக்கினான். இருபத்தைந்து வயதுப் பெண். நீலச் சட்டை, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் போட்டிருந்தாள். அட்டையில் இருக்கும் கம்பெனியின் பெயரைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது. உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த லேகா நாற்காலியைக் காட்டினாள். லேகா பத்து வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் போய்ப் பார்த்தவள். அழுகிறவர்களைக் கண்டால் சந்தேகப்படுவாள். இந்தப் பெண் அழவில்லை என்பதால் அவளுக்குச் சாயா சொல்லி அனுப்பினாள்.

"பேரு ஷிஜி. நெய்யாற்றின்கரையில எலக்ட்ரிக் காரு விக்குத ஷோரூம்ல டெலிவரி பாக்குதேன். செங்கல் ஊருல முத்துக்குமாரசாமி பிள்ளைன்னு ஒருத்தரு வண்டி புக் பண்ணியிருக்காரு. நாளைக்குப் புதன்கிழமை டெலிவரி. மிச்ச பைசா பதினோரு லட்சம் அதுக்கு முன்ன எங்க அக்கவுண்டுல ஏறணும். நேத்தே கட்டியாச்சுன்னு சொல்லுதாரு. எங்களுக்கு வரல்ல."

"பின்ன எங்க போச்சு?" என்றாள் லேகா.

"அவருக்கு வாட்ஸாப்புல ஒரு மெசேஜ் வந்திருக்கு. எங்க ஷோரூம் படத்தை வச்ச வேற ஏதோ நம்பரு. 'புது அக்கவுண்டுல கட்டணும்'னு. இவரு செக்கை எடுத்திட்டு நேரே பேங்குக்குப் போயி அந்த அக்கவுண்டு நம்பருக்கு அனுப்பியாச்சு. இப்பம் அந்த மெசேஜை அனுப்பினது நானாம்."

"உன்னை ஏன் சொல்லணும்?" என்றான் அஜேஷ்.

"வண்டிக்க கலரு, டெலிவரி நேரம், மிச்ச தொகை எல்லாம் அதுல சரியாட்டு உண்டு. அது எனக்கும் மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியுமாம். மேனேஜர் அனுப்பமாட்டாராம். என்னத்துக்குன்னா அவரு மேனேஜராம்."

அஜேஷ் சிரித்தான். லேகா சிரிக்கவில்லை. "பணம் எந்தக் கணக்குல விழுந்துதுன்னு பேங்கு சொல்லுமே?"

"சொல்லும். வெள்ளிக்கிழமை. மேனேஜர் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போறாராம். 'ஷிஜியை நிறுத்தி வச்சாச்சு, பணமோசடி'ன்னு காலையிலயே ஸ்டாஃப் குரூப்புல போட்டாரு. மத்தியானத்துக்குள்ள எங்க வீட்டு ஓனரு விளிச்சு அட்வான்ஸை எப்பம் திருப்பி வாங்கிக்கிடுதன்னு கேக்குதாரு. பிள்ளை அவருக்க குடும்ப குரூப்புல என்னைக் கள்ளின்னு எழுதியிருக்காரு. அவருக்க மச்சினன் அனந்தகிருஷ்ணன் போன வருஷம் எங்ககிட்ட வண்டி எடுத்தவரு, அவரு அதை எனக்கே ஃபார்வேர்டு பண்ணி, சிரிக்குத பொம்மை நாலு சேர்த்து விட்டிருக்காரு." ஷிஜி சாயாவைக் கையில் எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தாள். "வெள்ளிக்கிழமை நான் நல்லவள்னு தெரிஞ்சா ஆரு சேச்சி அதைப் படிக்கப் போறா?"

லேகா கையை நீட்டினாள். ஷிஜி போனைக் கொடுத்தாள். பிள்ளைக்கு வந்த செய்தியின் படம் அதில் இருந்தது. சுத்தமான மலையாளம், ஒரு புள்ளி கூட இடம் மாறவில்லை. மரியாதைக்குரிய ஐயா என்று தொடங்கி, வெள்ளை வண்டியின் விவரம் சொல்லி, கணக்கு எண்ணைக் கொடுத்து, கடைசியில் இப்படி முடிந்திருந்தது: 'தங்களுக்குச் செவ்வாய் மாலை முதல் சந்திராஷ்டமம் தொடங்குவதால், திங்கட்கிழமையே தொகையைச் செலுத்துவது உத்தமம்.'

அஜேஷ் அதை இரண்டு முறை படித்தான். சந்திரன் ஒருவனுடைய ராசிக்கு எட்டாவது இடத்தில் வந்து நிற்கும் இரண்டு சொச்சம் நாள் அது. வாயைத் திறந்தால் சண்டை, பையைத் திறந்தால் நஷ்டம் என்று இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அந்த நாட்களில் மீன் வாங்கக்கூட யோசிப்பார்கள்.

"கொள்ளாம்," என்றான். "கள்ளனுக்கு நல்ல மனசு. நஷ்டப்படாத நாளாப் பாத்து நஷ்டப்படுத்தியிருக்கான்."

லேகா ஷிஜியைப் பார்த்தாள். "உங்க ஷோரூமுக்கு ஆளுக்க நட்சத்திரம் தெரியுமா?"

"எங்களுக்கு ஆளுக்க பேரே ஒழுங்காத் தெரியாது. இவரைக் கம்ப்யூட்டர்ல 'மிஸ்டர் சாமி'ன்னாக்கும் போட்டிருக்கு."

"பிறந்த தேதி?"

"ஆதார்ல உண்டு."

ஷிஜி தேதியைச் சொல்ல, அஜேஷ் போனில் ஜாதகக் கணக்குப் போடும் செயலியில் தட்டினான். "அத்தம் நட்சத்திரம், கன்னி ராசி. இவருக்குச் சந்திராஷ்டமம் வர இன்னும் ஒரு வாரம் கிடக்கு. அப்ப மெசேஜ் அனுப்பினவன் கணக்குல தோத்தவன்."

"இல்லேன்னா பிறந்த தேதி பொய்யி," என்றாள் லேகா. "அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போ வாத்தியாரு வாயில வந்ததாக்கும் பிறந்த தேதி. இந்த ஊருல அறுபது கழிஞ்ச ஆளுவள்ல பாதிப் பேரு மே மாசத்துல பிறந்தவங்க. ஷோரூம்ல உள்ளவங்க கணக்குப் போட்டிருந்தா இந்தப் பொய்த் தேதியை வச்சுத்தான் போட்டிருப்பாங்க. மெசேஜ் அனுப்பின ஆளுக்கு இவருக்க உண்மையில உள்ள நட்சத்திரம் தெரியும்."

"அப்ப நான் தப்பிச்சேனா?" என்றாள் ஷிஜி.

லேகா மேனேஜர் ஜெயச்சந்திரனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.

"மேடம், எஸ்.ஐ. கிட்ட போயி நான் என்ன பறயணும்? சந்திரனைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கன்னா? அஞ்சு மணி. ஆளைக் காட்டுங்க, இல்லேன்னா பைசாவைக் காட்டுங்க."

லேகா எழுந்து வேனின் சாவியை எடுத்தாள். "எலே, பிள்ளைக்கு நாளு குறிச்சுக் கொடுத்த ஜோசியரு ஆருன்னு கேளு."

"வேலாயுதன். பாறசாலை," என்றாள் ஷிஜி. "டெலிவரி நேரம் ரெண்டு மாசம் முன்ன அவரு குறிச்சதாக்கும். பத்து நிமிஷம் பிந்தினா வண்டியைத் திருப்பி அனுப்புவேன்னு பிள்ளை எனக்கிட்ட மூணு தடவை சொன்னாரு."

*

வேனுக்கு வயது பதினெட்டு. பெட்ரோலில் ஓடியது, அதைவிட அதிகமாகக் கெஞ்சலில் ஓடியது. பின் சீட்டில் ஷிஜி கதவைக் கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துவிடும் என்பதால் பிடிக்கவேண்டும் என்று அஜேஷ் முன்பே சொல்லியிருந்தான்.

"உங்க வண்டியில இப்பிடிப் பிடிக்காண்டாம், இல்லியா?" என்றான்.

"எங்க வண்டியில பிடிக்கதுக்கு ஒண்ணும் கிடையாது. வேலையும் இல்ல இப்பம்."

அதற்குப் பிறகு பாறசாலை வரை அஜேஷ் நகைச்சுவையை நிறுத்தி வைத்தான்.

ஜோசியர் வேலாயுதன் முன்னறையில் சோழிப் பலகையும் மடிக்கணினியும் அருகருகே வைத்து அமர்ந்திருந்தார். இரண்டில் எது பொய் சொல்கிறது என்று ஒன்றை வைத்து ஒன்றைச் சரிபார்ப்பாராம். மூன்று பேர் சேர்ந்து வந்ததைக் கண்டதும் பாகப்பிரிவினை என்று நினைத்து முகம் மலர்ந்தார்.

லேகா நேராகக் கேட்டாள். "முத்துக்குமாரசாமி பிள்ளைக்கு நாளைக்குச் சந்திராஷ்டமம். நீங்க எப்பிடி வண்டி எடுக்க நாளைக்கு நேரம் குறிச்சீங்க?"

மலர்ந்த முகம் சிவந்தது. "ஆரு சொன்னது? எனக்குத் தொழில் படிப்பிக்க வந்தீங்களா? பிள்ளைக்கு உத்திரட்டாதி, மீன ராசி. அவருக்க சந்திராஷ்டமம் போன வாரமே கழிஞ்சாச்சு. கோயில்ல அவருக்க பேருல புஷ்பாஞ்சலி சீட்டு எழுததும் உத்திரட்டாதியிலதான். வேணும்னா போயிக் கேளுங்க."

அஜேஷ் விரலை மடக்கினான். "ஆதார்ல அத்தம். கோயில்ல உத்திரட்டாதி. மெசேஜ்ல வேற ஒண்ணு. ஒத்த மனுஷனுக்கு மூணு நட்சத்திரம். பிள்ளையா, ஹோட்டலா?"

"நாளைக்குச் சந்திராஷ்டமம்னா ஆளுக்கு என்ன ராசி வரணும்?" என்றாள் லேகா.

வேலாயுதன் யோசிக்கவே இல்லை. "சந்திரன் இன்னைக்குச் சாயங்காலம் மகரத்துக்குப் போகுது. மகரம் எட்டாம் இடமா வரணும்னா மிதுன ராசி." சொல்லிவிட்டு அவரே நின்றார். சிவப்பு மெல்ல இறங்கியது. "எனக்கிட்டேயேவா?"

"என்னத்துக்கு ஒருத்தரு நட்சத்திரத்தை மறைக்கணும்?"

வேலாயுதன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பேரும் நட்சத்திரமும் கிடைச்சாப் போதும், செய்வினை வைக்க. பெரிய வீட்டு ஆளுவ சிலரு அதைப் பயந்து மாத்திச் சொல்லுவாங்க, உண்டு. மச்சினன் வண்டி வாங்கின அன்னையில இருந்து இவரு வீட்டுல தேங்கா விழுந்தாலும் அது மச்சினன் வச்சதுன்னுதான் சொல்லுவாரு. ஆனா ஜோசியன்கிட்டயே மறைச்சா? மூட்டு வலிக்கு டாக்டர்கிட்டப் போயி வேற ஒருத்தனுக்க மூட்டைக் காட்டுத மாதிரியில்லியா?"

அஜேஷுக்கு இப்போது முழுப் படமும் விளங்கியது. சிரிப்பு வயிற்றில் இருந்து கிளம்பியது. பிள்ளை ஜோசியருக்குப் பொய் நட்சத்திரம் கொடுத்திருக்கிறார். ஜோசியர் அந்தப் பொய்க்குப் பொருத்தமாக ஓர் உத்தமமான நாள் குறித்திருக்கிறார். அந்த உத்தமமான நாள் பிள்ளையின் உண்மை நட்சத்திரத்துக்கு நேர் சந்திராஷ்டமம். வேறு நாள் கேட்டால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் உண்மை நட்சத்திரம் வெளியே வரும். இரண்டு மாதமாக மனுஷன் வாயைக் கட்டிக்கொண்டு தவித்திருக்கிறார். அப்போதுதான், 'நீங்கள் திங்கட்கிழமையே கட்டிவிடலாம்' என்று வானத்தில் இருந்து இறங்கியதுபோல் ஒரு செய்தி.

"அதனாலதான் ஒரு கேள்வியும் கேக்காம ஓடிப்போயிக் கட்டியிருக்காரு," என்றான்.

"செரி. அவரு இப்பிடித் தவிக்காருன்னு ஆருக்குத் தெரியும்?" என்றாள் லேகா.

"மச்சினனுக்கு. நான் பந்தயம் கட்டுதேன்."

"கட்டாண்டாம். போன மாசச் சம்பளமே நான் உனக்குத் தரல்ல."

*

செங்கல் ஊரில் பிள்ளையின் வீடு சாலையில் இருந்து சற்று உள்ளே, ரப்பர் மரங்களுக்குப் பின்னால் இருந்தது. வண்டி நிறுத்தும் இடத்தை இரண்டு கார் அகலத்துக்குக் கட்டி, தரையில் பளிங்கு பதித்திருந்தார்கள். சுவரில் சார்ஜ் ஏற்றும் பெட்டி மாட்டி, அதற்குக் குங்குமம் வைத்து, மேலே ஒரு சின்னக் கூரையும் போட்டிருந்தார்கள். வந்து சேராத வண்டிக்கு இருந்த வசதி அஜேஷ் தங்கியிருந்த அறைக்குக் கிடையாது.

முத்துக்குமாரசாமி பிள்ளை சாய்வு நாற்காலியில் இருந்து எழுந்தார். தாத்தாவும் அப்பாவும் திருவிதாங்கூர் அரசாங்கக் கச்சேரிகளில் பேனா பிடித்தவர்கள். இவர் ரப்பர் ஷீட் வியாபாரம். இருந்தாலும் ஆட்களைப் பார்க்கும்போது மனு கொடுக்க வந்தவர்களைப் பார்க்கும் பார்வை குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் கள்ளியை எனக்க வீட்டுப் படி ஏத்தினது ஆரு?"

"நான்தான்," என்றாள் லேகா. "உங்க பைசாவைக் கண்டுபிடிக்க வந்திருக்கேன். பிடிக்கல்லேன்னா போறேன்."

பைசா என்ற சொல்லுக்கு அவர் வழிவிட்டார்.

உள்ளே சோபாவின் ஓரத்தில் அவர் மனைவி பகவதியம்மாள் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து, போனைப் பார்க்காமலே இரண்டு கட்டைவிரலாலும் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். மிட்டாய் உடைக்கும் விளையாட்டு என்று அஜேஷ் நினைத்தான். வந்தவர்களை ஒரு தரம் ஏறிட்டார். ஷிஜியிடம் வந்ததும் பார்வை அவசரமாகக் கீழே இறங்கியது.

"உங்களுக்கு என்ன நட்சத்திரம்?" என்றாள் லேகா.

"உத்திரட்டாதி. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"அப்பம் நாளைக்கு உங்களுக்குச் சந்திராஷ்டமம் கிடையாதே. மெசேஜ்ல அப்பிடிப் போட்டிருக்கும்போ இது தப்பாச்சேன்னு ஏன் தோணல்ல?"

பிள்ளை வேட்டி முனையைச் சரிசெய்தார். "ஒரு கம்பெனி... இவ்வளவு அக்கறையா... நாம என்னத்துக்கு எதிர்த்துப் பேசணும்?"

"மிதுன ராசி," என்றாள் லேகா, சாதாரணமாக.

பிள்ளை பாய்ந்து போய் ஜன்னலைச் சாத்தினார். ஒன்று போதவில்லை. அறையின் மூன்று ஜன்னலையும் சாத்தி, கதவையும் சாத்தி, மின்விசிறி வேகத்தைக் கூட்டிவிட்டு வந்தார். நெற்றியில் வியர்வை.

"பைய பேசு! ஆரு சொன்னா?"

"சந்திரன். உங்க உள்ள நட்சத்திரம் ஆருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்க அப்பாவுக்கும் அம்மைக்கும் தெரியும். ரெண்டு பேரும் செத்து இருபது வருஷம் ஆச்சு."

"அம்மைக்கு வாட்ஸாப் உண்டா?" என்றான் அஜேஷ்.

பிள்ளை அவனைக் கவனிக்கவில்லை. அவர் கண்ணில் திடீரென்று ஒரு வெளிச்சம் வந்தது. பணம் போனதற்குக்கூட அப்படி ஒரு சந்தோஷத்தோடு யாரும் காரணம் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

"அனந்தகிருஷ்ணன்! அவனாக்கும்! நான் அவனுக்க வண்டியைவிடப் பெரிய வண்டி எடுக்கது அவனுக்குப் பொறுக்கல்ல. பைசாவும் போச்சு, செய்வினையும் வச்சிருப்பான். இல்லேன்னா நேத்து மோட்டார் ஏன் எரியணும்?"

அஜேஷ் எழுந்தே விட்டான். "நான் அப்பமே சொன்னேன். சேச்சி, மச்சினன் வீடு பக்கத்துலயாக்கும். அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் உண்டு."

"இரு," என்றாள் லேகா. பிள்ளையின் பக்கம் திரும்பி மிக மரியாதையாகத் தலையாட்டினாள். "நீங்க சொல்லுதது சரிதான். கல்யாணத்துக்குப் பொருத்தம் பாக்கும்போ உங்க ஜாதகம் அம்மாக்க வீட்டுக்குப் போயிருக்கும். அண்ணன்காரன் அனந்தகிருஷ்ணனும் அன்னைக்குப் பாத்திருப்பாரு. அப்பமே உங்க நட்சத்திரம் அவருக்க கையில அகப்பட்டுப் போச்சு. பாவம், நாப்பது வருஷம் உங்களுக்கு அது தெரியல்ல."

பாவம் என்ற சொல் பிள்ளையைத் தைத்தது. முதுகு நிமிர்ந்தது.

"எனக்கா தெரியல்ல? அவனுக்க கையில அகப்பட நான் விட்டேன்னா நினைக்க? பொருத்தத்துக்குக் கொடுத்தது உத்திரட்டாதி ஜாதகமாக்கும்! எனக்க அப்பா தனியா ஆளை வச்சு எழுதிச்சது. இவளுக்க வீட்டுல ஒருத்தனுக்கும் உள்ள நட்சத்திரம் தெரியாது!"



"ஒருத்தனுக்கும் தெரியாது," என்றாள் லேகா. "ஒருத்திக்கு?"

பிள்ளை சிரித்தபடியே பாதி தூரம் திரும்பினார். சிரிப்பு வழியிலேயே நின்றது. சோபாவில் இருந்த பகவதியம்மாள் போனை மடியில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தார். அஜேஷ் மெதுவாக உட்கார்ந்தான். கட்டாத பந்தயத்தில் தோற்பது இவ்வளவு வலிக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

"கல்யாணம் கழிஞ்சு ஒம்பதாம் வருஷம் இவருக்கு டைஃபாய்டு வந்துது," என்றார் பகவதியம்மாள். கோர்ட்டில் வாசிக்கும் குரல். "காய்ச்சல்ல கிடந்து பிதற்றும்போ, திருவாதிரைக்காரனைக் காப்பாத்தணும்னு இவரே பகவான்கிட்டச் சொன்னாரு. பகவானுக்கு மட்டும் உள்ளதைச் சொல்லணும்னு தோணியிருக்கு. எனக்கிட்டச் சொல்லல்ல. நானும் கேட்டதாக் காட்டிக்கிடல்ல."

"நீயா? நீயா பகவதி? உனக்கு இதெல்லாம் எப்பிடி..."

"முப்பது வருஷம் நெய்யாற்றின்கரை கோர்ட்டுல டைப்பு அடிச்சவளாக்கும். ஒரு சிம் கார்டு வாங்கி ஒரு மெசேஜ் அடிக்க எனக்கு ஆளு பிடிக்கணுமா? ரெண்டு மாசமா ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு, புதன்கிழமை புதன்கிழமைன்னு முணுமுணுத்தா பக்கத்துல கிடக்கவளுக்கு விளங்காதா?"

"சொந்தப் புருஷன்கிட்டயே களவா?"

"என்ன களவு? கோட்டுகால்ல எனக்க அப்பா எனக்குன்னு எழுதி வச்ச இருபது சென்ட். பக்கத்துல துறைமுகம் வந்து விலை ஏறினப்பம் வித்தீங்க. கையெழுத்துப் போட விளிச்சீங்க, வந்தேன். அந்தப் பைசாவுல அனந்தகிருஷ்ணனைத் தோற்கடிக்க வண்டி எடுக்கும்போ விளிக்கல்ல. கலரு கூடக் கேக்கல்ல, புக்கிங் பேப்பரைப் பாத்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது. எனக்க பைசா எனக்க அக்கவுண்டுக்கு வந்துது. வந்த வழி கொஞ்சம் சுத்து, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்ன நான் தொடங்கின அக்கவுண்டு. நீங்க அதை மறந்தாச்சு. பேங்கு மறக்கல்ல."

பிள்ளை சாய்வு நாற்காலியைத் தேடிப் போனார். அது வெளியே இருந்தது. சாத்திய கதவைத் திறக்கத் தைரியம் இல்லாமல் அங்கேயே நின்றார்.

அஜேஷுக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது. தட்டாமல் விட்டதற்குக் காரணம் ஷிஜி. அவள் இப்போதுதான் முதல் முறையாகப் பேச எழுந்திருந்தாள்.

"பைசா அம்மாக்கதுதான். செரி. எனக்க பேரு ஆருக்கது?"

பகவதியம்மாள் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"எனக்க பேரை என்னத்துக்கு எடுத்தீங்க?"

"நான் உன்னை நினைக்கல்ல மக்கா. வெள்ளிக்கிழமை பேங்கு சொல்லும்போ எல்லாம் தெளிஞ்சிரும்னு..."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் எங்க இருப்பேன்னு நினைச்சீங்க? ஸ்டேஷன்லயா, வீட்டுலயா? வீடுன்னா, எந்த வீட்டுல?"

கோர்ட்டுக் குரல் எங்கோ போய்விட்டது. பகவதியம்மாள் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார். கடைசியில் போனை எடுத்தார். "மேனேஜருக்க நம்பரைச் சொல்லு."

ஸ்பீக்கரில் ஜெயச்சந்திரனின் குரல் தேனாக ஒழுகியது. வாங்குகிறவரின் மனைவி என்று அறிந்ததும் இன்னும் ஒரு கரண்டி தேன் சேர்ந்தது.

"பைசா எனக்க அக்கவுண்டுல உண்டு," என்றார் பகவதியம்மாள். "மெசேஜ் அனுப்பினது நான். ஷிஜிக்கு இதுல ஒரு பங்கும் கிடையாது. வண்டியை எனக்க பேருல எழுதுங்க. பைசாவை இப்பமே போடுதேன்."

"அய்யோ மேடம், அதுக்கென்ன! பில்லு இன்னும் போடல்ல, பேரை மாத்திரலாம். ஷிஜி நல்ல பிள்ளையாச்சே, நான் அப்பமே பறஞ்சேன்..."

"அப்பிடியா? ஸ்டாஃப் குரூப்புல என்ன பறஞ்சீங்க சார்?" என்றாள் ஷிஜி.

மறுமுனையில் தேன் உறைந்தது.

"அதே குரூப்புல எழுதுங்க. எழுதினப்பிறகு அம்மா பைசா போடுவாங்க."

பகவதியம்மாள் ஷிஜியைப் பார்த்தார். பிறகு வங்கிச் செயலியில் தொகையை அடித்து, அனுப்பும் பொத்தானுக்கு மேலே கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஷிஜியின் போன் ஒலித்தது. 'ஷிஜி நாளை முதல் வழக்கம்போல் பணிக்கு வருவார்.'

"மன்னிக்கணும்னு இதுல இல்லியே சார்."

கட்டைவிரல் அப்படியே நின்றது. பதினோரு லட்சத்தின் மேல் ஒரு விரல் நகம் உயரத்தில். சிறிது நேரம் கழித்துப் போன் மறுபடி ஒலித்தது. ஷிஜி படித்தாள். இந்த முறை தலையாட்டினாள். விரல் இறங்கியது.

"நாளைக்குக் காலையில ஜோசியரு சொன்ன நேரத்துக்கு வண்டி வரும்," என்றாள் ஷிஜி.

"நாளைக்கா?" பிள்ளை சுவரோரத்தில் இருந்து முனகினார். "எனக்கு நாளைக்கு..."

"உங்களுக்குத்தானே?" என்றார் பகவதியம்மாள். "வண்டி எனக்காக்கும். நீங்க உள்ள இருங்க, வெளிய வராண்டாம்." பிறகு ஷிஜியிடம், "இனி ஒண்ணும் இல்லியே மக்கா?"

"உண்டு. உங்க குடும்ப குரூப்புல என்னைக் கள்ளின்னு போட்டிருக்கு."

"அது இவரு போட்டது."

"போட வச்சது நீங்க."

பகவதியம்மாள் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, குடும்ப குரூப்பைத் திறந்தார்.   "செரி," என்றார்.

பிள்ளை சுவரை விட்டுப் பாய்ந்து வந்தார். "எழுதாதே! பகவதி, அதுல அனந்தகிருஷ்ணன் உண்டு! அமெரிக்காவுல உள்ளவங்க உண்டு! நட்சத்திரத்தை எழுதாதே! ஜாதகத்தை எழுதாதே!"

இரண்டு கட்டைவிரலும் மழை மாதிரி விழுந்தன. முப்பது வருஷம் அடுத்தவர்களின் வழக்குகளை அடித்த கை, சொந்த வழக்கை அடிக்க மூன்று நிமிஷம்கூட எடுக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்பதை முதல் வரியில் வைத்திருந்தார். நட்சத்திரத்தை இரண்டாவது வரியில்.

பிள்ளையின் சட்டைப் பையில் ஒரு மணி ஒலித்தது. பிறகு வரிசையாகப் பல மணிகள். பிறகு போனே அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். திரையில் அனந்தகிருஷ்ணனின் படம், வெள்ளைக் காரின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தது. அவர் அழைப்பை ஏற்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

லேகா எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். அஜேஷ் மூன்றாவதைத் திறந்து உதவினான்.

ஷிஜி கழுத்தில் தொங்கிய அட்டையைச் சரியான பக்கம் திருப்பிப் போட்டாள். ஷோரூம் குரலில், சிரிக்காமல், கேட்டாள்:

"அம்மா, டெலிவரிக்கு ஷோரூம் வகையில ஒரு கேக் உண்டு. அரைக்கிலோ. நாளைக்கு உங்க குடும்பத்துல எல்லாரும் வருவாங்கன்னு தோணுது. கொஞ்சம் பெருசாட்டுச் சொல்லட்டா?"